கவனக்குறைவு என்னும் பொய்

உழைப்பாளியின் உடம்பைப் பற்றி நம் மொழியில் வழங்கும் சொற்களுள் மிகக் கொடியது எது என்று கேட்டால், 'கவனக்குறைவு' என்ற சொல்லையே நாம் சுட்டுவோம். கூலி என்ற சொல்லில் இழிவு உண்டு. எனினும் உழைப்புக்கு ஏதோ ஒரு விலை உண்டென்பதையாவது அது ஒப்புக்கொள்கின்றது. விதி என்ற சொல்லில் மடமை உண்டு. எனினும் பாதிக்கப்பட்டவனை அது குற்றவாளியாக்குவதில்லை. கவனக்குறைவு என்ற சொல்லோ, கை வெந்தவனையே கை வெந்ததற்குப் பொறுப்பாளியாக்கி, அவனைச் சூழ்ந்து நின்ற ஏனையோர் அனைவரையும் ஒரே மூச்சில் விடுதலை செய்துவிடுகின்றது.

இச்சொல் மிகத் தாராளமாக வழங்கும் இடங்களுள் ஒன்று, மக்கள் கராஜ் என்று அழைக்கும் வாகனத் திருத்தகம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும், மட்டக்களப்பிலும் ஹற்றனிலும், கொழும்பின் பஞ்சிகாவத்தைச் சந்துகளிலும் ஆயிரமாயிரம் இளைஞர்கள் நாள்தோறும் பெற்றோலோடு புழங்குகின்றனர். தாங்கியைக் கழற்றுகின்றனர், காபுரேற்றரைக் கழுவுகின்றனர், வடிகட்டியை மாற்றுகின்றனர், அடைபட்ட குழாயை வாயால் ஊதித் திறக்கின்றனர். இவர்களுள் ஒருவன் எரிகாயப்பட்டால் பத்திரிகையில் நான்கு வரி வரும். அந்த நான்கு வரியுள்ளும் தவறாது இடம்பெறுவது மேற்கூறிய சொல்லே. அதனோடு விசாரணை முற்றுப்பெறும்.

நாம் கூற விரும்புவது இதுதான்: பெற்றோலோடு ஆபத்தின்றி வேலை செய்வது ஒருவனுடைய குணத்தைப் பொறுத்த விடயமன்று. அது அறிவையும் கருவியையும் நேரத்தையும் பொறுத்தது. இம்மூன்றும் யாருடைய கையில் உள்ளன, யாருக்கு மறுக்கப்பட்டுள்ளன என்று கேட்காமல், வெந்த கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது அறிவியலுமன்று, அறமுமன்று.

முதலில் பெற்றோலின் இயல்பை நோக்குவோம். எரிவது பெற்றோல் என்னும் திரவமன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெற்றோல் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை வெளிவிடும். நம் நாட்டு வெயிலில், திறந்து வைத்த ஒரு பேசின் பெற்றோல் என்ன செய்யும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்துவிடுவதில்லை. நிலத்தோடு நிலமாகப் படர்கின்றது. தாழ்ந்த இடத்தை நாடிச் செல்கின்றது. வாகனத்தின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கென வெட்டிய குழியில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கின்றது. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அது கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்தப் பொறி நெருப்புக் குச்சியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மின் ஆளியைப் போடும்போது தெறிப்பது, பற்றரி முனையைக் கழற்றும்போது தெறிப்பது, கிரைண்டரிலிருந்து பறப்பது, பிளாஸ்ரிக் கலத்துள் பெற்றோலை ஊற்றும்போது தேங்கும் நிலைமின்னிலிருந்து பிறப்பது, எதுவும் போதும்.

எம்மிடம் சாதாரண தரம் வரை கற்ற மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கராஜில் வேலை பழகச் சேர்ந்தான். மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் காபுரேற்றரை, தனக்குக் காட்டித்தந்தபடியே, பேசினில் பெற்றோல் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நாலைந்து யார் தள்ளி இன்னொருவன் கிரைண்டரை இயக்கினான். முழங்கை வரை இரண்டு கைகளும் வெந்தன. நாம் மருத்துவமனையில் அவனைப் பார்க்கச் சென்றபோது, "கவனமில்லாமல் செய்திட்டான் சேர்" என்று அவனுடைய தாயே கூறினார். முதலாளியின் வாயில் பிறந்த சொல் தாயின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. மாணவனோ வேறொன்று கேட்டான்: "கிரைண்டர் அங்காலதானே சேர் இருந்தது, நெருப்பு எப்பிடி இங்க வந்தது?"

அக்கேள்விக்கு விடை ஒரே வாக்கியம்: பெற்றோல் ஆவி கனமானது, ஆதலால் அது நிலத்தால் ஊர்ந்து சென்றது. அடர்த்தி என்றால் என்ன என்று அவன் பாடசாலையிற் படித்திருந்தான். திணிவைக் கனவளவால் வகுக்க வேண்டுமெனப் பரீட்சையிலும் எழுதியிருந்தான். ஆனால் அந்த அடர்த்திக்கும் தன் காலடியிற் கிடந்த பேசினுக்கும் தொடர்புண்டு என்று அவனுக்குச் சொல்ல எந்த நூலும் இருக்கவில்லை. எந்த மனிதரும் இருக்கவில்லை. இவனையா கவனமற்றவன் என்பது? அவன் தனக்குக் கற்பிக்கப்பட்டதைக் கவனமாகவே செய்தான். கற்பிக்கப்பட்டதே பிழையாக இருந்தது.

கராஜ்களில் வழக்கமென்ற பெயரில் நடைபெறும் வேறு சிலவற்றையும் இவ்வாறே ஆராய்தல் தகும்.

வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பது ஒன்று. ரியூப்பின் ஒரு நுனியைத் தாங்கியிலும் மறு நுனியை வாயிலும் வைத்து உறிஞ்சுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கராஜுக்கு வெளியேயும் பலர் இதைப் பழகிக்கொண்டனர். பெற்றோல் மிகவும் இளகிய திரவம். ஒரு மிடறு தவறிச் சுவாசக் குழாயுட் சென்றால் அது நுரையீரலின் உட்புறமெங்கும் பரவி, கிருமியெதுவும் இல்லாமலே நிமோனியாவை உண்டாக்கும். இதைவிடக் கொடியது, விழுங்கியவனை வாந்தியெடுக்கச் செய்யும் நம் வழக்கம். வயிற்றில் இருந்தது மேலே வரும்போது மீண்டும் நுரையீரலுட் செல்ல அது வழிசெய்கின்றது. வாந்தியெடுக்க வைக்காது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. ஒரு சிறு கைப்பம்பி இருந்தால் இவ்வளவும் தேவையில்லை.

ஓட்டை விழுந்த தாங்கிக்கு வெல்டிங் வைப்பது இன்னொன்று. 'பெற்றோல் முழுவதையும் வடித்துவிட்டோம், இனிப் பயமில்லை' என்பர். உண்மை நேர்மாறானது. நிறைந்த தாங்கியுள் ஆவி இருக்க இடமில்லை. வெறுமையான தாங்கியோ முழுவதும் ஆவியாலும் காற்றாலும் நிறைந்து, வெடிகுண்டுக்கு வேண்டிய கலவையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. தண்ணீர் விட்டு அலசினாலும் மடிப்புகளிலும் துருவிலும் படிந்த பெற்றோல், சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். மாதக்கணக்கிற் கிடந்த தாங்கியும் இதற்கு விலக்கன்று. அதற்கென்ற வசதியுள்ள இடத்தில் நீராவியால் நன்கு சுத்திகரித்து, எரியாத வாயுவை நிரப்பி, ஆவி எஞ்சியில்லை என்று கருவியால் அளந்த பின்னரே வெல்டிங் செய்யலாம். அந்த வசதி இல்லாவிடின் தாங்கியை மாற்றுவது ஒன்றே வழி. ஆனால் மாற்றினால் வாகனக்காரர் விலையைக் கேட்பார். வெல்டிங் வைத்தால் வேலை மலிவாக முடியும். அந்த மலிவுக்குப் பிணையாக வைக்கப்படுவது வெல்டிங் செய்பவனின் உயிர்.

மூன்றாவது, குழியினுள் சாதாரண மின்குமிழை வயரில் தொங்கவிட்டு வேலை செய்வது. கழற்றிய குழாயிலிருந்து சொட்டும் குளிர்ந்த பெற்றோல் சூடான குமிழின்மேல் விழுந்தால் கண்ணாடி வெடிக்கும். உள்ளிருக்கும் இழை அக்கணமே ஆவியைப் பற்றவைக்கும். மூடிய அமைப்புடைய, சூடேறாத பற்றரி விளக்கு இன்று கிடைக்கின்றது. குழியிற் பெற்றோல் வேலை செய்யாது, காற்றோட்டமுள்ள வெளியிடத்திற் செய்வது அதனினும் மேலானது.

நான்காவது, புதிய வாகனங்களைப் பற்றியது. பழைய காபுரேற்றர் வண்டிகளில் பெற்றோல் மெல்லிய அமுக்கத்தில் வந்தது. இன்று யப்பானிலிருந்து வந்திறங்கும் கார்களில் பம்பி தாங்கிக்குள்ளேயே இருந்து, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அமுக்கத்திற் பெற்றோலை அனுப்புகின்றது. இயந்திரத்தின் தகன அறைக்குள் நேரடியாக உட்செலுத்தும் வகையில் அது நூறு மடங்கையும் தாண்டும். இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் அந்த அமுக்கம் குழாயில் நிற்கும். பழைய வண்டியிற் பழகிய கை, அதே முறையிற் குழாயைக் கழற்றினால் பெற்றோல் கண்ணிலும் சூடான இயந்திரத்திலும் பீறிட்டடிக்கும். செய்யவேண்டியது கடினமானதன்று. இயந்திரம் ஆறும்வரை பொறுத்தல். தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளமுக்கத்தை விடுதல். பம்பியின் பியூஸை அல்லது றிலேயைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை இயக்கி அது தானாக நின்றுபோகும்வரை ஓடவிடுதல். பின்னர்ப் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றுதல். கண்ணாடி அணிந்து, மூட்டைச் சுற்றித் துணியைப் பிடித்து, மெல்லத் தளர்த்துதல். சிந்தியதை உடனே துடைத்து அத்துணியை மூடியுள்ள உலோகக் கலத்தில் இடுதல். நேரடி உட்செலுத்தல் உள்ள வண்டியாயின், உயரமுக்கப் பகுதியைத் தொடுமுன் உற்பத்தியாளர் கூறும் ஒழுங்கையும் காத்திருப்பையும் பின்பற்றுதல் வேண்டும். மொத்தத்தில் ஒரு சிறிது நேரம் கூடுதலாகச் செல்லும். ஆனால் அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? 'கெதியா முடி' என்று ஏவப்படும் தொழில் பழகுநனுக்கு அந்நேரம் சொந்தமானதன்று. இவ்வெச்சரிக்கைகளைத் தாங்கிய வில்லைகளும் கைநூல்களும் யப்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ உள்ளன. வண்டி நம் நாட்டுக்கு இறக்குமதியாகின்றது. அதன் அறிவு துறைமுகத்தோடு நின்றுவிடுகின்றது.

இது தற்செயலான மறதி என்று எண்ணுவோர் பெற்றோலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று.

1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர், ஒருவகை ஈயச் சேர்மத்தைப் பெற்றோலில் கலந்தால் இயந்திரத்தின் இடிப்பு அடங்கும் எனக் கண்டறிந்தார். தோலினூடாகவும் உடலுட் புகும் கொடிய நஞ்சு அது. 1924ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ ஜேர்சியில் உள்ள ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனியின் பேவே சுத்திகரிப்பாலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தப்பிரமை கொண்டு வீழ்ந்தனர். ஐவர் இறந்தனர், முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்கள் அளவுக்கு மீறி வேலை செய்ததே காரணமாயிருக்கும் என்று அங்கிருந்த பொறுப்பாளர் பத்திரிகைக்காரரிடம் விளக்கங் கூறினார். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி, பத்திரிகையாளர் முன்னிலையில் அந்நஞ்சிற் கைகளைக் கழுவி, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டில் அவரே ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்திருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. தொழில்சார் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் 1925ஆம் ஆண்டில் வன்மையாக எதிர்த்தார். இலாபம் வென்றது, எச்சரிக்கை தோற்றது. அந்தப் பெற்றோல் உலகெங்கும் ஓடிற்று. 2002ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயப் பெற்றோல் கைவிடப்படும் வரை, நம் மெக்கானிக்குகள் கிறீஸ் போக அதிலேதான் கை கழுவினர். உலகில் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்ற கடைசி நாடு அதை நிறுத்தியது 2021இல்.

பென்சீனின் கதையும் வேறன்று. பெற்றோலின் இயல்பான கூறுகளுள் ஒன்றாகிய அது, எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. பென்சீனைப் பொறுத்தவரை முற்றிலும் ஆபத்தற்ற செறிவு பூச்சியமே என்று அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஆவணமே 1948ஆம் ஆண்டிற் கூறிற்று. எண்ணெய்க் கம்பனிகளின் சொந்தச் சங்கம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், பென்சீனை மட்டுமன்றி 2025ஆம் ஆண்டில் வாகனப் பெற்றோலையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியுள்ளது. மேலே இருப்போர் 1948இலேயே எழுதி வைத்ததைக் கீழே இருப்பவன் இன்றும் அறியான். வெறுங்கையோடு பெற்றோலிற் பாகங்களைக் கழுவுகின்றான். நாளை அவன் நோயுற்றால், அதையும் கவனக்குறைவு என்று கூறிவிடுவார்களோ?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்தால் நேரும் காயத்துக்கு வேலைகொள்வோனே பொறுப்பு என்கின்றது. விதிவிலக்குகள் உண்டு: தொழிலாளி மதுபோதையில் இருந்திருத்தல், பாதுகாப்புக்கென வெளிப்படையாக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியிருத்தல் போன்றவை. இந்த விதிவிலக்குகளிலே 'வேண்டுமென்றே' என்பதே உயிர்நாடியான சொல். வெறும் கவனப்பிசகு, நட்டஈட்டை மறுக்க நியாயமாகாது. மேலும், எந்தச் சுவரில் எந்தக் கட்டளை எழுதப்பட்டிருந்தது? எழுதப்படாத கட்டளையை ஒருவன் எவ்வாறு மீற முடியும்? ஆகவே கவனக்குறைவு என்ற சொல்லுக்குச் சட்டத்திற் கிடைக்காத வலிமை, ஏழைகளின் அறியாமையிலிருந்தே கிடைக்கின்றது. தொழிலாளரின் பாதுகாப்பையும் சுகத்தையும் பற்றிப் பேசும் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் உண்டு. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது நிரம்பாதோரை அமர்த்தலாகாது. ஏட்டில் உள்ள இச்சட்டங்கள் தெருவோரத்துத் தகரக் கொட்டிலுக்குள் நுழையும்போதுதான் அவற்றுக்கு உயிர் உண்டாகும்.

உழைப்பாளிக்கு இவ்வளவும் விளங்காது, அவனுக்கு எதற்கு இரசாயனமும் பௌதிகமும் என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு வடபுலத்தின் அண்மைக்கால வரலாறு விடை கூறும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. வாகனங்கள் நின்றுவிட்டனவா? இல்லை. மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. தீப்பற்றும் அளவு ஆவியை வெளிவிட அதற்கு ஏறத்தாழ 38 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருள் விட்டு இயந்திரத்தை எழுப்பினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே இதற்கு ஏற்றவை என்பதை அனுபவத்தால் அறிந்து, கைவிடப்பட்டுக் கிடந்தவற்றைத் தேடியெடுத்துப் புதுப்பித்தனர். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், இடம்பெயர்ந்த குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்ததும் அந்தப் புகை கக்கிய வண்டிகளே. இஃது எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத பொறியியல். ஆவியாதலையும் வெப்பத்தையும் அமுக்கத்தையும் பெயர் தெரியாமலே கையால் உணர்ந்த மனிதர்களின் ஆக்கம் அது. இத்தகைய அறிவாற்றல் உள்ளவர்களுக்கா பெற்றோல் ஆவி கனமானது என்பது விளங்காது? சூடான இயந்திரத்தின்மேல் பெற்றோலைச் சொட்டவிட்டுப் பணியாற்றிய அவர்களுக்கு அதன் ஆபத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க நம் கல்வியுலகத்தில் எத்தனை பேர் முன்வந்தனர்? அவர்களுடைய கண்டுபிடிப்பு நம் பாடநூல்களுள் எத்தனையில் இடம்பெற்றுள்ளது?

இங்கேதான் தமிழ் கற்றோராகிய நம் துறைக்கும் இவ்விடயத்துக்கும் உள்ள தொடர்பு புலனாகின்றது. அறிவியலைத் தமிழில் தருவது இந்த மண்ணுக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் இருந்து பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அந்த மரபு பல்கலைக்கழகத்தின் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. காபுரேற்றருக்குத் தூய தமிழ்ச் சொல் 'எரிவளி கலப்பி'யா, வேறொன்றா என்று வாதிடப் புலவர்கள் உண்டு. அந்தக் காபுரேற்றரை எப்படிக் கழுவினால் கை வேகாது என்று எழுத ஆளில்லை. மொழிப்பற்று என்பது மேடையில் மொழியை வாழ்த்துவதோடு முடிந்தால், அதனால் உழைப்பாளிக்குக் கிட்டுவது யாது? கராஜிலே வழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டு, பிளக், பம்பி, பியூஸ், றிலே என்றே எழுதி, அவன் விளங்கிக்கொள்ளும் நடையில் உண்மையைச் சொல்லும் தமிழே உயிருள்ள தமிழ்.

நம் முற்போக்கு எழுத்தாளர் சிலரிடமும் ஒரு குறை உண்டு. உழைப்பாளியின் பசியைப் பாடுகின்றனர். அவனுடைய கருவியைப் பார்ப்பதில்லை. கிறீஸ் படிந்த கையை உருவகமாக்குகின்றனர். அந்தக் கையின் தோலினூடாக எது உட்புகுகின்றது என்று கேட்பதில்லை. இரக்கம் மட்டும் எரிகாயத்தைத் தடுக்காது. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்களும் உள்ளன, இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டு நேரே கராஜுக்குட் செல்பவன் இவ்விரண்டுக்கும் வெளியேதான் நிற்கின்றான். நாம் பேசுவது அவனைப் பற்றியே.

சில மறுப்புகளுக்கு விடையிறுப்பது நம் கடன். கராஜ் முதலாளியும் ஏழைதானே என்பர். பலர் அவ்வாறானவரே. கடனிலும் வாடகையிலும் அமிழ்ந்து, தாமும் கிறீஸ் பூசி உழைப்பவர்கள். ஆனால் ஒரு சுமை மேலிருந்து கீழே தள்ளப்படும்போது, இடையில் நிற்பவன் ஏழை என்பதற்காக அடியில் நிற்பவன் அதைச் சுமக்கவேண்டும் என்பது நியாயமன்று. வாகனத்தை இறக்குமதி செய்து இலாபம் பெறுவோரும், எரிபொருளை விற்போரும், வரியை அறவிடும் அரசும் இச்சுமையில் தம் பங்கை ஏற்கவேண்டும். சிறு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது.

'முப்பது வருடம் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று மூத்த மெக்கானிக்குகள் கூறுவர். அவர்களுடைய அனுபவத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் தப்பியவர்களே. தப்பாதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. பென்சீன் அன்றே கொல்வதுமன்று. ஆண்டுகள் கழித்து வந்து நிற்பது.

இனி மின் வாகனங்கள் வரும், பெற்றோலின் காலம் முடிந்துவிடும் என்போரும் உளர். நம் தெருக்களில் ஓடும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் நாளையே மறைந்துவிடப் போவதில்லை. அன்றியும், புதிய வண்டியில் உயர் மின்னழுத்தம் இருக்கின்றது, அதுவும் கொல்லும். அறிவைப் பகிராத சமுதாயத்தில் இயந்திரம் மாறினாலும் காயப்படுபவன் மாறுவதில்லை.

ஆகவே நாம் கோருவன எளியவை. ஒவ்வொரு கராஜிலும் பெற்றோல் வேலைக்கான விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கைப்பம்பி, மூடியுள்ள உலோகக் கலம், பெற்றோல் ஊடுருவாத கையுறை, கண்ணாடி, மூடிய விளக்கு, உலர்தூள் தீயணைப்பான், ஒரு வாளி மணல் ஆகியவை முதலாளியின் செலவில் இருத்தல் வேண்டும். பெற்றோல் தீயின்மேல் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும் என்பதைச் சேர்ந்த முதல் நாளே பழகுநனுக்குச் சொல்லுதல் வேண்டும். பாகங்களைக் கழுவப் பெற்றோலை அறவே விலக்குதல் வேண்டும். ஆபத்தென்று கண்ட வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை, கூலியிழப்பின்றி, கடைசிப் பழகுநனுக்கும் உண்டு என்பதை ஏற்றல் வேண்டும். தொழிற் திணைக்களத்தின் பரிசோதகர்கள் பெரிய ஆலைகளோடு நில்லாது சிறு கொட்டில்களுக்கும் வருதல் வேண்டும். தண்டிப்பதற்கு முன் கற்பிப்பதற்காக வருதல் வேண்டும். காயப்பட்டவனுக்குச் சட்டப்படியான நட்டஈடு தருமமாக அன்றி உரிமையாகக் கிடைத்தல் வேண்டும்.

இவற்றை அரசு தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையொன்றும் உண்டு. இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்க் கராஜுக்குச் செல்லலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், தமிழ் ஆசிரியர் ஒருவர், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர், தொழில் பழகுநர் இருவர் கூடியமர்ந்தால் பதினாறு பக்கத்தில் ஒரு கைநூலை ஆக்கிவிடலாம். மெக்கானிக் தம் அனுபவத்தைச் சொல்லட்டும். விஞ்ஞான ஆசிரியர் காரணத்தை விளக்கட்டும். தமிழ் ஆசிரியர் அதைச் சுருங்கிய வாக்கியங்களில் எழுதட்டும். விளங்குகின்றதா இல்லையா என்ற தீர்ப்பைப் பழகுநரே கூறட்டும். தொழிற்சங்கங்களும் வாசிகசாலைகளும் அதை அச்சிட்டுப் பரப்பலாம். சிங்களத்தில் அதைப் பெயர்த்துத் தரத் தோழர்கள் உள்ளனர். பெற்றோல் ஆவிக்கு இனமோ மொழியோ கிடையாது.

அக்கைநூல் ஒவ்வொரு கராஜின் மேசையிலும் கிடக்கும் நாளில், எரிகாயத்தோடு மருத்துவமனைக்கு வருபவனைப் பார்த்துக் 'கவனக்குறைவு' என்று சொல்வது எவருக்கும் இவ்வளவு எளிதாக இராது. யார் சொல்லிக் கொடுக்கவில்லை, யார் கருவி தரவில்லை, யார் அவசரப்படுத்தினார் என்ற கேள்விகளை அவனுடைய தாயே கேட்பார். அக்கேள்விகளுக்குப் பதில் கூறவேண்டியவர்கள் பதில் கூறியே ஆகவேண்டும்.